ரிவர்ஸில் ஓடும் கொடி

காயில்காரம்மாவின் கையைப் பற்றி அந்தத் தெருவில் இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, அந்தக் கை சுற்றிய மோட்டார் லேசில் புகையாது. கம்பி மேல் கம்பி ஏறாமல், ஒரு மடிப்பு இல்லாமல், காயில் அவ்வளவு பாந்தமாக உட்கார்ந்திருக்கும். இரண்டு, அந்தக் கை பட்ட செடி பிழைக்காது.

முதல் பேச்சு ஊரார் சொன்னது. இரண்டாவதைச் சொன்னது மாமியார். காயில்காரம்மா பிறந்த வீட்டிலேயே அப்பாவின் பட்டறையில் மோட்டார் காயில் சுற்றப் பழகிக்கொண்டு வந்தவள். கல்யாணமான முதல் மாதம், வீட்டுக்குப் பின்னால் தரையில் கிடந்த அவரைக்கொடியைப் பார்த்து மனசு கேட்காமல் எடுத்துக் கம்பத்தில் சுற்றிவிட்டாள். தினமும் காலையில் போய்ச் சுற்றினாள். பத்தே நாளில் கொடி கருகிப் போனது. மாமியார் பொல்லாதவர் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்: "உன் கைக்குக் கம்பிதான் ராசி. செடிக்கு ராசியில்ல. இனிமே அந்தப் பக்கம் போகாத."

இருபத்தாறு வருஷமாக அவள் போகவில்லை. மாமியார் காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. அவர் புழங்கிய கட்டில், பீரோ எல்லாம் இடம் மாறிவிட்டன. அந்தச் சொல் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. யாராவது தொட்டிச் செடி கொடுத்தால் காயில்காரம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "இவர்கிட்ட குடுங்க" என்பாள்.

'இவர்' என்பது வீட்டுக்காரர். தெருவில் அவருக்கு மூணு ஃபேஸ் என்று பெயர். மூணு ஃபேஸ் கரண்டில் ஓடும் மோட்டார் வேகத்தில் வாய் ஓடும். பட்டறையில் மோட்டாரைக் கழற்றுவது, மாட்டுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. காயில் முழுக்க அவள் கை. கீழே பட்டறை, அதற்குப் பின்னால் இவர்கள் வீடு, மாடியில் குடியிருக்கும் ரிட்டயர்ட் பஸ் டிரைவர், அதற்கு மேல் மொட்டை மாடி. இவ்வளவுதான் அவர்கள் உலகம்.

இந்த உலகத்துக்குள் ஒரு சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார்.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அம்மா ஒரு விதைக் கடையில் பதினெட்டு வருஷமாக விதைப் பொட்டலம் போடுகிறவர். வீடு பார்க்க வந்தவர், பட்டறையில் வரிசையாக நின்ற மோட்டார்களை ஒன்று விடாமல் பார்த்தார். காயில்காரம்மா காயில் சுற்றுவதை நின்றபடியே அரை மணி நேரம் பார்த்தார். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். உள்ளே ஆறு விதைகள். உருண்டையாக, பழுப்பாக, மினுமினுவென்று இருந்தன.

"இத வளத்துப் பாருங்க. என்ன செடின்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும். நாலு மாசம் கழிச்சு, கல்யாண வேலை பேச வரும்போது பாக்கறேன்" என்றார்.

காயில்காரம்மா, வந்தவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, இது பரீட்சைங்க."

"என்ன பரீட்சை? ஆறு விதை குடுத்தாங்க. அவ்வளவுதானே?"

"அவங்க விதைக் கடையில வேலை பாக்கறவங்க. பேரு தெரியாம இருக்குமா? தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம குடுத்திருக்காங்க. பொண்ணு போய் வாழப்போற வீட்டுல பொம்பளையோட கை எப்படின்னு பாக்கறாங்க. இது செத்துச்சுன்னா அப்புறம் நான் அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

மூணு ஃபேஸ் சிரித்தார். சிரித்துவிட்டு, "சரி விடு, நானே போடறேன். என் கைக்கு என்ன குறைச்சல்?" என்றார்.

ஓட்டை விழுந்த வாஷிங் மெஷின் டிரம் ஒன்று பட்டறை மூலையில் கிடந்தது. தண்ணீர் வடிய அதைவிடத் தோதான தொட்டி உண்டா? அதை மொட்டை மாடிக்கு ஏற்றி, மண் நிரப்பி, இரண்டு விதையைத் தம் திருக்கையால் ஊன்றினார். பதினைந்து நாள் ஆனது. ஒன்றும் தலைகாட்டவில்லை. தோண்டிப் பார்த்தால், போட்டது போட்டபடி கல்லாகக் கிடந்தன.

"என் கைக்கும் ராசி இல்ல போல" என்றார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்று மதியம் காயில்காரம்மா மீதி நான்கு விதைகளையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். இறங்கவில்லை. மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அவளுக்கு அது தெரிந்த பூச்சுதான். செம்புக் கம்பி மேல் எனாமல் இருக்குமே, அதே வழவழப்பு. அதைச் சுரண்டாமல் பற்றவைத்தால் கரண்டு பாயாது. கம்பிக்குள் கரண்டு போகாதென்றால் விதைக்குள் தண்ணீர் மட்டும் எப்படிப் போகும்?

உப்புத்தாளை எடுத்தாள். ஒவ்வொரு விதையிலும் ஒரே ஓரத்தில், உள்ளே வெள்ளை தெரிகிற வரைக்கும் மெதுவாகத் தேய்த்தாள். டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தாள். மறுநாள் பார்த்தால் மூன்று விதை இரண்டு மடங்காக ஊதிக் கிடந்தன. நான்காவது மட்டும் அப்படியே முறைத்துக்கொண்டிருந்தது.

கணவரைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். கூப்பிடவில்லை. படியேறிப் போய், யாரும் பார்க்கிறார்களா என்று திருடியைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தானே ஊன்றினாள்.

ஆறாம் நாள் இரண்டு முளை வந்தன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கிரைண்டர் மோட்டாரைப் பிரித்துப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நாளுக்கு நாலு தடவை மாடிக்கு ஓடினாள்.

இலை வந்ததும் ஆளாளுக்கு ஆராய்ச்சி ஆரம்பித்தது. ஒரு காம்புக்கு மூன்று இலை. காய்கறிக்காரம்மா பார்த்துவிட்டு, "அவரை ஜாதிதான். ஆனா எந்த அவரைன்னு கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். செல்போனில் படம் எடுத்துக் கேட்டால் அது ஒரு நாள் பீன்ஸ் என்றது, ஒரு நாள் காராமணி என்றது, ஒரு நாள் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னது. மாடி வீட்டு டிரைவர்தான் ஒரேயடியாகக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"தங்கச்சி, இது பூனைக்காலி. சத்தியமா பூனைக்காலி. காய் மேல சுணை இருக்கும். காத்துல பறந்து வந்து பட்டாலே போதும், மூணு நாளைக்குச் சொறிஞ்சுக்கிட்டே திரியணும். பிடுங்கிப் போட்டுடு."

"பூ வரட்டும் அண்ணா. பூவப் பாத்துட்டுச் சொல்றேன்."

"பூ வர்ற வரைக்கும் நான் துணி காயப்போட வேணாமா?"

மறுநாளிலிருந்து அவர் முழுக்கைச் சட்டை, காலுறை, காதைச் சுற்றித் துண்டு என்று போருக்குப் போகிறவர் மாதிரி மொட்டை மாடிக்கு வர ஆரம்பித்தார். முளைத்துப் பதினெட்டு நாளான செடிக்கு இந்த மரியாதை.

இந்த நாட்களில் பட்டறையில் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிட வேண்டும். மூணு ஃபேஸைத் தேடிக்கொண்டு ஒரு ரைஸ்மில்காரர் வந்தார். "என்னம்மா, அவரை எங்க காணோம்?" என்று கேட்டார். காயில்காரம்மாவின் நினைப்பு முழுக்க மாடியில் இருந்தது. "மொட்டை மாடியில இருக்குங்க. கம்பத்துல கட்டி வெச்சிருக்கேன். ரெண்டு வேளை தண்ணி ஊத்தறேன். நல்லா வெயில் பட்டாத்தான் தெளியும்" என்றாள். ரைஸ்மில்காரர் இரண்டு அடி பின்னால் போனார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் மூணு ஃபேஸைப் பார்த்தால், "வீட்டுல எல்லாம் சுமுகமா இருக்குல்ல?" என்று தணிந்த குரலில் விசாரிப்பார்.

கட்டி வைத்ததில்தான் வினை வந்தது. இரண்டு செடியில் ஒன்று கிடுகிடுவென்று நீண்டது. அதற்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தை நட்டு, நுனியை எடுத்துச் சுற்றி, காயில் கட்டுகிற நூலால் மெத்தென்று ஒரு முடிச்சும் போட்டாள். மறுநாள் காலையில் கொடி பிரிந்து காற்றில் தொங்கியது. திரும்பச் சுற்றினாள். மறுநாளும் பிரிந்தது. இன்னும் இறுக்கிக் கட்டினாள். தண்டு கன்றிப்போய், நுனி இலை பழுத்தது.

அப்போது பார்த்துச் சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வரும். வாரத்துக்கு ஒரு தடவை வரும். மண்டபம், சமையல்காரர் என்று எல்லாவற்றையும் பேசிவிட்டுக் கடைசியில், "செடி எப்படி இருக்குங்க? என்னன்னு தெரிஞ்சுதா?" என்பார்.

"வளந்துகிட்டு இருக்குங்க, சம்பந்தி" என்பாள் இவள். போனை வைத்ததும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். மறுபடியும் அதேதானா? முளைக்க வைக்கத் தெரிந்த கைக்கு வளர்க்கத் தெரியாதா? மாமியார் சொன்னது நிஜம்தானா? மகன் கல்யாணத்து நேரத்தில் இந்தக் கையோடு முன்னால் நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அழுகையே வந்தது. பெரிய செடி நான்காம் வாரம் செத்தது. இரண்டு நாள் அவள் மாடிப் பக்கமே போகவில்லை. தண்ணீர் ஊற்றுவதைக் கணவரிடம் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் ஒரு டேபிள் ஃபேன் வந்தது. வேறு எங்கேயோ காயில் கட்டிய ஃபேன். கொண்டுவந்தவர், "போட்டா காத்து முன்னாடி வரமாட்டேங்குது, பின்னாடி சுவத்துக்கு அடிக்குது" என்றார். மூணு ஃபேஸுக்குச் சிரித்து மாளவில்லை. "உங்க வீட்டுச் சுவர் குடுத்து வெச்சதுங்க" என்றார். காயில்காரம்மா பிரித்துப் பார்த்தாள். சுற்று சரி. எண்ணிக்கை சரி. வார்னிஷும் சரி. உள்ளே ஒரு இணைப்பில் இரண்டு முனையை மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள்.

"காயில்ல ஒரு குறையும் இல்லங்க. சுத்தற பக்கம்தான் தப்பு" என்றாள் கணவரிடம்.

சொன்னவள் அப்படியே நின்றாள். கையில் ஸ்குரூ டிரைவர்.

"என்ன ஆச்சு?" என்றார் அவர்.

ஸ்குரூ டிரைவரைப் போட்டுவிட்டு ஓடினாள். மொட்டை மாடியில் டிரம்முக்குப் பின்பக்கம் இரண்டாவது செடி இருந்தது. நோஞ்சான் என்று அவள் கண்டுகொள்ளாமல் விட்ட செடி. அதை யாரும் கட்டவில்லை, சுற்றவில்லை. அது பாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டிக் குழாயைப் பிடித்து இடுப்புயரத்துக்கு ஏறியிருந்தது. காயில்காரம்மா அடியிலிருந்து ஒரு விரலை வைத்துக் கொடியோடு சுற்றிக்கொண்டே போனாள். அவள் விரல் பழக்கத்தில் ஒரு பக்கம் போகப் பார்த்தது. கொடி மறுபக்கம் போனது. மேலே இருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு நேர் எதிராகச் சுற்றியிருந்தது.

முப்பத்தைந்து வருஷமாக அவள் கை கடிகாரம் சுற்றுகிற பக்கம்தான் சுற்றியிருக்கிறது. காயில் மெஷின் கைப்பிடி அந்தப் பக்கம். நூல்கண்டு அந்தப் பக்கம். தலைமுடியைக் கொண்டையாக முடிவதும் அந்தப் பக்கம். செத்த செடியையும் அதே பக்கம்தான் சுற்றினாள். அது ராத்திரியெல்லாம் பாடுபட்டுப் பிரித்துக்கொள்ளும், காலையில் இவள் வந்து வேலை மெனக்கெட்டு மறுபடி சுற்றுவாள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்த அவரைக்கொடியையும்தான்.

மாடித் தரையில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஏறி வந்த கணவர் பயந்துவிட்டார்.

"ஏம்மா, என்ன?"

"ரிவர்ஸுங்க! கொடி ரிவர்ஸ்ல ஓடுது! கையில தப்பில்லங்க. பக்கம்தான் தப்பு!"

மூணு ஃபேஸும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு விரலால் கொடியோடு சுற்றிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவள் கொடியைத் தொட்டுச் சுற்றவே இல்லை. குழாயிலிருந்து துணிக்கொடிக் கம்பம் வரைக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு மட்டும் இழுத்துக் கட்டினாள். எந்தக் கயிற்றைப் பிடிப்பது என்பது அதன் இஷ்டம். நோஞ்சான் என்று பெயர் எடுத்த செடி ஒரே மாதத்தில் மொட்டை மாடியில் பாதிக்கு நிழல் கொடுத்தது. டிரைவரின் துணிகளுக்கு இடம் போதவில்லை.

முளைத்த மூன்றாம் மாதம் பூத்தது. வெளிர் நீலம், கிட்டத்தட்ட வெள்ளை. வண்ணத்துப்பூச்சி இறக்கையை விரித்த மாதிரி, அவரை ஜாதிக்கே உரிய பூ. பூனைக்காலிப் பூ கருஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் என்று அதற்குள் அவள் விசாரித்து வைத்திருந்தாள். டிரைவரைக் கூட்டி வந்து காட்டினாள்.

"நிறம் மாறியும் பூக்கும்" என்றார் அவர், துண்டைக் காதிலிருந்து எடுக்காமலே.

காய் வந்தபோதுதான் எல்லார் வாயும் மூடியது. விரல் நீளத்தில் பச்சையாக ஆரம்பித்துச் சாண் நீளத்துக்குப் போனது. உருண்டையும் இல்லை, தட்டையும் இல்லை. சதுரம்! நான்கு மூலையிலும் மேலிருந்து கீழ்வரை, பாவாடைக்கு ஓரம் சுருக்கி வைத்துத் தைத்த மாதிரி ஒரு மெல்லிய இறக்கை. காயில்காரம்மா ஒன்றைப் பறித்துக் குறுக்கே வெட்டினாள். வெட்டின துண்டைக் கணவரிடம் நீட்டினாள்.

"நாலு போல் மோட்டார்" என்றார் அவர், உள்ளே நான்கு காந்த முனை உள்ள மோட்டாரை நினைத்து.

இந்தத் தடவை செல்போன் தடுமாறவில்லை. மூன்று தடவை கேட்டாலும் ஒரே பெயரைச் சொன்னது. சிறகவரை. அவள் அதை அப்படியே நம்பிவிடவில்லை. புது மோட்டார் வந்தால் அதன் தகட்டில் உள்ளதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிற மாதிரி, செல்போனில் போட்டிருந்த குறிப்பையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று இலை, சரி. வெளிர் நீலப் பூ, சரி. நான்கு சிறகு, சரி. கெட்டித் தோல் விதை, அதை அவளைவிட யாருக்குத் தெரியும்? இலை, பூ, காய், கிழங்கு எல்லாமே சாப்பிடலாம் என்றும் போட்டிருந்தது. பட்டறையில் ரிப்பேருக்கு வருகிற மோட்டாருக்கெல்லாம் ஒரு சீட்டு கட்டுவார்கள். அப்படி ஒரு சீட்டை எடுத்து, 'பெயர்: சிறகவரை. பழுது: இல்லை' என்று எழுதிக் கொடியில் கட்டினாள். பிஞ்சுக் காயை முதலில் பச்சையாகக் கடித்துத் தின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? மாடி வீட்டு டிரைவர்தான். "நான் அன்னைக்கே நினைச்சேன், இது ஏதோ நல்ல ஜாதின்னு" என்றார்.

சொன்ன நாளில் சம்பந்தியம்மா வந்தார். காயில்காரம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வார்னிஷ் வாசனை போகவில்லை. வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, நேராக மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள். மூணு ஃபேஸும் கூடவே ஏறினார்.

சம்பந்தியம்மா கொடியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு காயைத் தொட்டார். காயில்காரம்மா பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி மூச்சுவிடாமல் சொன்னாள்: "சிறகவரைங்க, சம்பந்தி. விதைத்தோல் கெட்டிங்க, சுரண்டிட்டுத்தான் போடணும். கொடி கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தும். சரிதானுங்களே?"

"சிறகவரையா!" என்றார் அவர். "அட, இதான் அதுவா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்குங்க உங்ககிட்ட கேக்கறேன்? வெண்டை விதை மூட்டைக்கு அடியில கிடந்துச்சு, ஒரு கைப்பிடி. கடையில யாருக்கும் என்னன்னு தெரியல. நானும் மூணு தடவை போட்டுப் பாத்தேன். ஒண்ணு கூட முளைக்கல. கடைசி ஆறுதான் உங்ககிட்ட குடுத்தது."

சம்பந்தியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளிய சொல்லாதீங்க. பதினெட்டு வருஷமா விதைப் பொட்டலம் போடறேன். இது வரைக்கும் ஒரு செடி கூட வளத்ததில்ல. எது போட்டாலும் செத்துரும். ஊரே என்கிட்ட வந்து யோசனை கேக்கும், நானும் பொட்டலத்துல போட்டிருக்கறதப் படிச்சுச் சொல்லி அனுப்புவேன்."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் குடுத்தீங்க?"

"அன்னைக்கு நீங்க காயில் சுத்தறதப் பாத்துக்கிட்டு நின்னேனே. ஒரு கம்பி அந்தாண்ட இந்தாண்ட போகல. நடுவுல ரெண்டு பேர் வந்து பேசினாங்க, எண்ணிக்கையும் விட்டுப் போகல. இந்தக் கை எதையும் பாதியில விடாதுன்னு தோணுச்சு. என் பொண்ணு இந்தக் கைகிட்டதான வரப்போறான்னு சந்தோஷமா இருந்துச்சு. விதையையும் குடுத்துட்டேன்."

பிறகு அவர் காயில்காரம்மாவின் வலது கையை எடுத்துத் தம் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். ஈயம் சுட்ட தழும்பும் கம்பி அறுத்த கோடுமாக இருந்த கை.

"கல்யாணம் முடிஞ்சு எங்க வீட்டுக்கு வரும்போது உங்க கையால ரெண்டு விதை ஊனிக் குடுத்துட்டுப் போங்க. ராசியான கைங்க இது."

காயில்காரம்மா கணவரைப் பார்த்தாள். அவர் அவசரமாக வேறு பக்கம் திரும்பி ஒரு காயை ஆராய ஆரம்பித்தார். காது நன்றாகக் கேட்கிறவள்தான் அவள். ஓடுகிற மோட்டாரில் ஒரு பேரிங் தேய்ந்திருப்பதை வாசலில் இருந்தே சொல்லிவிடுவாள்.

"என்ன சொன்னீங்க, சம்பந்தி? சரியாக் கேக்கல" என்றாள்.

பட்டறைச் சத்தத்தில் பாவம் காது மந்தமாகியிருக்கும் என்று நினைத்துவிட்டார் அந்த அம்மாள். வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்து, கீழே தெருவில் போனவர்கள் நின்று நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குக் கத்திச் சொன்னார்.

"ராசியான கைன்னு சொன்னேன்! உங்க கை! ராசியான கை!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றாள் காயில்காரம்மா.